கார் ஒருவர் பெயரில். கடன் யார் தலையில்?

இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் வீட்டு வாயிலில் வந்து விழும் கடிதங்களுள் ஒருவகைக் கடிதம் தனித்த கலக்கத்தை உண்டாக்குகிறது. அதில் காரின் நிழற்படம் இருக்கும். கார் உள்ளே வந்த நேரமும் வெளியே சென்ற நேரமும் அச்சிடப்பட்டிருக்கும். அடியில் 100 பவுண்டு செலுத்துமாறு தடித்த எழுத்தில் கேட்கப்பட்டிருக்கும். பதினான்கு நாளுக்குள் செலுத்தினால் 60 பவுண்டு போதும் என்ற சலுகையும் உடன் வரும். தலைப்பைக் கண்டவுடன், அரசாங்கம் தண்டித்துவிட்டது என்றே பலர் எண்ணுகின்றனர். சிலர் அன்றே பணத்தைக் கட்டிவிடுகின்றனர். வேறு சிலர், "இவையெல்லாம் வெற்று மிரட்டல்" என்று யாரோ சொன்னதை நம்பிக் கடிதத்தைக் கிழித்து எறிகின்றனர். இவ்விரண்டும் அறிவுடைய செயல்கள் அல்ல என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ போன்ற லண்டன் பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு கார் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்க, அதனை மூவரோ நால்வரோ ஓட்டுவது இயல்பு. கடிதமோ பெயர் பதிவானவருக்கே வருகிறது. ஓட்டியவர் ஒருவர், கேட்கப்படுபவர் வேறொருவர் என்ற இந்நிலையில், கேட்கப்படுபவருக்குச் சட்டம் விதித்துள்ள கடமை யாது, அளித்துள்ள காப்பு யாது என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையாகும்.

அபராதம் அன்று, உரிமைக் கோரிக்கை

முதலில் இரண்டு கடிதங்களைப் பிரித்தறிய வேண்டும். நகராட்சி மன்றம் அனுப்புவது "பெனால்டி சார்ஜ் நோட்டீசு" எனப்படும். தனியார் நிறுவனம் அனுப்புவது "பார்க்கிங் சார்ஜ் நோட்டீசு" எனப்படும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்துக்கள் பி.சி.என். என்றே அமைவதால் மயக்கம் எழுகிறது. முன்னது 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தைப் போன்ற சட்டங்களின் வழி வரும் தண்டம். அதில் யார் ஓட்டினார் என்ற வினாவுக்கே பொதுவாக இடமில்லை. வாகன உடைமையாளரே பொறுப்பு. பின்னதோ, கடையின் முன்னுள்ள நிலத்திலும் மருத்துவமனை வளாகத்திலும் அடுக்குமாடி வீடுகளின் முற்றத்திலும் அறிவிப்புப் பலகை நட்டு, அதன்வழி ஒப்பந்தம் உண்டாயிற்று என்று கூறி ஒரு நிறுவனம் கேட்கும் பணம். அது குற்றமன்று, ஓட்டுநர் உரிமத்தில் புள்ளி ஏறாது, காவல் நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு வணிகர் மற்றொருவரிடம் கடன் கேட்பதைப் போன்ற உரிமையியல் வழக்கே அது. ஆயினும், கடன் உண்மையாயின் நீதிமன்றம் அதனைத் தீர்ப்பளித்து வசூலிக்கச் செய்யும் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஒப்பந்தம் என்றால் அது யாருக்கும் யாருக்கும் இடையே ஏற்பட்டது? பலகையைப் பார்த்துக் காரை நிறுத்தியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையேதான். அவ்விடத்தில் இல்லாமலே வீட்டிலிருந்த ஒருவர், தம் பெயரில் கார் இருப்பதால் மட்டும் அவ்வொப்பந்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. பொதுச் சட்டத்தின் நெறி இதுவே. இந்நெறியைச் சிறிது தளர்த்தி, ஓட்டியவரிடமிருந்து பெயர் பதிவானவரிடம் கடன் வந்து சேர ஒரு பாலத்தை அமைத்தது 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று.

பாலம் எவ்வாறு அமைந்தது?

முன்னாளில் தனியார் நிலத்தில் நிறுத்திய கார்களின் சக்கரத்துக்கு இரும்புப் பூட்டுப் போட்டுப் பணம் பறிப்பது வழக்கமாயிருந்தது. இதற்கு எதிராக எழுந்த முறையீடுகளின் பயனாக, "புரொட்டெக்ஷன் ஆஃப் ஃபிரீடம்ஸ் ஆக்ட்" என்னும் சுதந்திரக் காப்புச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டுப் போடுவது, சட்ட அதிகாரம் இருந்தாலன்றிக் குற்றமாயிற்று. அந்த ஆயுதத்தைப் பறித்துக்கொண்ட சட்டம், நிறுவனங்களுக்கு வேறொரு வழியைத் திறந்தது. அதுவே அச்சட்டத்தின் நான்காம் அட்டவணை. யார் ஓட்டினார் என்பது தெரியாதவிடத்து, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால், பதிவேட்டில் பெயருள்ள பொறுப்பாளரிடமே பணத்தைக் கேட்கலாம் என்று அது கூறுகிறது.

"கடிதத்தைக் குப்பையில் போடு" என்ற பழைய அறிவுரை பிறந்தது இச்சட்டத்துக்கு முற்பட்ட காலத்தில். அக்காலத்தில் ஓட்டியவரை அடையாளம் காட்டாமல் நிறுவனம் எவரையும் தொட இயலவில்லை. சட்டம் மாறியது, அறிவுரை மட்டும் மாறாமல் இன்னும் வாய்மொழியாக உலவி வருகிறது. அதனை நம்பி ஏமாறியவர் பலர்.

பதிவுப் பொறுப்பாளர் என்பவர் யார் என்பதையும் இங்கே தெளிவாக்குதல் நலம். ஸ்வான்சீ நகரிலுள்ள டி.வி.எல்.ஏ. என்னும் அரசு அலுவலகத்தில் வாகனம் யார் பெயரில், எந்த முகவரியில் பதிவாகியுள்ளதோ அவரே பொறுப்பாளர். அவர் காரின் உரிமையாளராக இருக்க வேண்டுவதில்லை. பதிவுச் சான்று உரிமைக்குச் சான்றாகாது என்று அச்சான்றிலேயே எழுதியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் உறுப்பினராயுள்ள நிறுவனங்கள், தக்க காரணம் காட்டி, ஒரு வாகனத்துக்கு 2 பவுண்டு 50 பென்சு செலுத்தி இவ்விவரத்தைப் பெறுகின்றன. நம் முகவரி அவர்கள் கைக்குப் போவது இவ்வழியேயாம்.

பாலத்தின் நிபந்தனைகள்

இனி நிபந்தனைகளைக் காண்போம். இவை அற்பமான சடங்குகள் அல்ல. சட்டமன்றம், ஓட்டாதவர்மீது கடனைச் சுமத்த இசைந்தபோது, அவரைக் காக்க வைத்த வேலிகள் இவை. வேலி ஒன்று முறிந்தாலும் பாலம் நிற்காது.

முதலாவது, காலம். ஓட்டுநருக்கென்று காரின் கண்ணாடியில் நோட்டீசு ஏதும் வைக்காமல், நிழற்படக் கருவியை நம்பி அனுப்பப்படும் கடிதமாயின், கார் நிறுத்திய நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாளுக்குள் அது பொறுப்பாளர் கையில் சேர வேண்டும். அஞ்சலில் இட்ட நாளுக்குப் பின் வரும் இரண்டாம் வேலை நாளில் அது சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கார் நின்றது மார்ச் 1, திங்கட்கிழமை. 14 நாட்கள் மார்ச் 15, திங்கட்கிழமையோடு முடிகின்றன. கடிதம் மார்ச் 11, வியாழனன்று அஞ்சலிடப்பட்டால், வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு என எண்ணி 15-ஆம் நாளிலேயே சேர்ந்ததாகும், குறையில்லை. மார்ச் 12, வெள்ளியன்று அஞ்சலிடப்பட்டால், 16-ஆம் நாளில் சேர்ந்ததாகக் கருதப்படும்; காலம் கடந்துவிட்டது. ஒரே நாள் வேறுபாடுதான். ஆயினும், பொறுப்பாளரை நோக்கிய பாலம் அந்த ஒரு நாளிலேயே அறுந்து போகிறது.

கண்ணாடியில் நோட்டீசு வைக்கப்பட்டிருந்தால் கணக்கு வேறு. அப்போது முதல் 28 நாட்கள் ஓட்டுநருக்கு உரியவை. அவை கழிந்தபின் வரும் அடுத்த 28 நாட்களுக்குள் பொறுப்பாளருக்குக் கடிதம் சேர வேண்டும். மார்ச் 1-இல் கண்ணாடியில் வைத்தால், மார்ச் 30-க்கு முன்னும் ஏப்ரல் 26-க்குப் பின்னும் வரும் கடிதம் இச்சட்டத்தின்படி அமைந்ததாகாது.

இரண்டாவது, கடிதத்தின் வாசகம். எந்த வாகனம், எந்த நிலம், எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டது என்பன அதில் இருத்தல் வேண்டும். கடன் கேட்பவர் யார் என்று சொல்லப்பட வேண்டும். ஓட்டியவரின் பெயரும் முகவரியும் தமக்குத் தெரியாது என்று கூறிப் பொறுப்பாளர் பணத்தைச் செலுத்தவோ, தாம் ஓட்டவில்லையெனில் ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் தெரிவிக்கவோ வேண்டும் என்று அழைக்க வேண்டும். 28 நாட்களில் பணமும் வராமல் ஓட்டியவர் விவரமும் தெரியாமல் போனால், பொறுப்பாளரிடமே வசூலிக்கும் உரிமை உண்டாகும் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள், காலம் கடந்துவிட்டதை அறிந்து, இவ்வெச்சரிக்கையே இல்லாத கடிதங்களை அனுப்புவதுண்டு. அத்தகைய கடிதம் ஓட்டியவரைத் தேடும் கடிதமேயன்றிப் பொறுப்பாளரைக் கட்டும் கடிதம் அன்று.

மூன்றாவது, நிலம். சட்டம் "உரிய நிலம்" என்று வரையறுத்த இடத்துக்கே இந்த ஏற்பாடு பொருந்தும். அரசுச் செலவில் பராமரிக்கப்படும் பொதுச் சாலையும், வாகனம் நிறுத்துவது தனிச் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இடங்களும் அதில் அடங்கா. இரயில் நிலையங்கள், விமான நிலையங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் நிறுத்துமிடங்கள் பலவற்றுக்குத் துணைவிதிகள் உண்டு. அத்தகைய நிலமாயின் பொறுப்பாளர்மீது இவ்வட்டவணையின் வழி கோரிக்கை எழுப்ப இயலாது. ஊர்வரவேற்கச் சென்று விமான நிலைய வாயிலில் சற்றே நின்றமைக்குக் கடிதம் பெறும் நம் குடும்பங்கள் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்கது.

நான்காவது, தொகை. பொறுப்பாளரிடம் இவ்வட்டவணைப்படி கேட்கக்கூடியது, அவருக்கு அனுப்பிய நோட்டீசில் குறித்த தொகையே. அதற்கு மேல் இல்லை. பின்னர்க் கடன் வசூல் முகவர் வழியாக 170 பவுண்டு என்று ஏறி வரும்போது, அந்தக் கூடுதல் 70 பவுண்டைப் பொறுப்பாளர் மறுக்க இடமுண்டு. நீதிமன்றக் கட்டணமும் வட்டியும் வேறு கணக்கு.

இந்த நான்காம் அட்டவணை இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளுக்கே உரியது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நின்ற காருக்கு இதனைக் காட்டிப் பொறுப்பாளரிடம் பணம் கேட்க இயலாது.

மௌனமும் பொய்யும் ஒன்றல்ல

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கார் தாயார் பெயரில் இருக்கிறது. மகனும் ஓட்டுகிறான், மருமகளும் ஓட்டுகிறாள், விடுமுறைக்கு வந்த தம்பி மகனும் ஓட்டுகிறான். கடிதம் தாயாருக்கு வருகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி உண்மையை அறிதலே முதற்செயல். கட்டணச் சீட்டு எடுக்கப்பட்டதா? பணம் செலுத்தும் இயந்திரம் வேலை செய்ததா? பலகை கண்ணில் படும் இடத்தில் இருந்ததா? நிறுத்தியது உண்மையாகவே விதியை மீறியதா? பேராசையால் வந்த கடிதமா, நம் கவனக்குறைவால் வந்த கடிதமா என்பது குடும்பத்துக்குள் முதலில் தெளிவாக வேண்டும். பிழை நம்முடையதே, தொகையும் முறையானதே, கடிதமும் ஒழுங்கானதே எனத் தெரிந்தால், ஓட்டியவர் தள்ளுபடிக் காலத்துக்குள் பணத்தைக் கட்டிவிடுவதே நேர்மையும் சிக்கனமும் ஆகும்.

கடிதம் ஒழுங்காக இருந்து, ஆனால் ஓட்டியவரே பொறுப்பேற்க முன்வந்தால், அவருடைய பெயரையும் கடிதம் சேரத்தக்க முகவரியையும் தாயார் எழுதி அனுப்பலாம். நிறுவனம் வழக்குத் தொடுப்பதற்கு முன் இவ்விரண்டும் அதன் கைக்குச் சேர்ந்தால், பொறுப்பாளர்மீதுள்ள கோரிக்கை நீங்கி ஓட்டியவரிடம் திரும்பும்.

கடிதம் ஒழுங்காக இல்லாவிட்டால் நிலைமை வேறு. அப்போது ஓட்டியவரின் பெயரைச் சொல்லத் தாயாருக்குக் கடமை இல்லை. காவல்துறை கேட்டால் சொல்ல வேண்டிய சட்டக் கட்டாயம் வேறு. தனியார் நிறுவனத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. பெயரைத் தெரிவிக்குமாறு அது அழைக்கலாம், கட்டாயப்படுத்த இயலாது. சொல்லாதிருப்பதனாலேயே அவர்தாம் ஓட்டினார் என்று முடிவுகட்டிவிடலாம் என நிறுவனங்கள் வாதிடுவதுண்டு. பொறுப்பாளரே ஓட்டியிருப்பார் என்று எளிதில் ஊகிக்க இடமுண்டானால் இச்சட்டத்துக்கே தேவை இல்லாமல் போகும் என்ற கருத்தில், 2023-இல் மேல்முறையீடு ஒன்றை விசாரித்த நீதிபதி அவ்வாதத்தை ஏற்க மறுத்தார். அத்தீர்ப்பு எல்லா நீதிமன்றங்களையும் கட்டாது. எனினும் எடுத்துக்காட்டத் தக்க வலுவுடையது.

இங்கே ஓர் எல்லைக்கோடு உண்டு. அதனை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். சொல்லாதிருப்பது உரிமை, பொய் சொல்வது குற்றம். தாமே ஓட்டியிருந்தும் "நான் ஓட்டவில்லை" என்று எழுதுவதும், ஓட்டாத ஒருவர் பெயரை எழுதித் தருவதும், வெளிநாட்டிலுள்ள உறவினர்மீது பழியைப் போடுவதும் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை. நீதிமன்றத்தில் அளிக்கும் எதிருரையின் அடியில், இதிற்கண்டவை உண்மை என்று கையொப்பமிட வேண்டும். தெரிந்தே அதில் பொய் கூறினால் நீதிமன்ற அவமதிப்பாகும். நூறு பவுண்டைக் காக்க வாய்மையை விற்பது நமக்குத் தகாது. "இக்காரின் பதிவுப் பொறுப்பாளர் என்ற முறையில் எழுதுகிறேன், ஓட்டியவர் யார் என்பதைத் தெரிவிக்க எனக்குச் சட்டக் கடமை இல்லை" என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. யார் எழுதினாலும் அது உண்மையே.

கடிதம் எழுதும் முறை

மறுப்புக் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நோட்டீசின் எண், வாகன எண், நாள் ஆகியவற்றைக் குறித்து, பொறுப்பாளர் என்ற முறையில் கோரிக்கையை மறுப்பதாக எழுத வேண்டும். கார் நின்ற நாள் இது, நோட்டீசு அஞ்சலிடப்பட்ட நாள் இது, சேர்ந்ததாகக் கருதப்படும் நாள் இது, ஆகவே நான்காம் அட்டவணை விதித்த காலம் கடந்துவிட்டது என்று கணக்கைக் காட்ட வேண்டும். வாசகத்தில் குறை இருந்தால் அதனைச் சுட்ட வேண்டும். பலகையின் படம், சீட்டு, வங்கிக் கணக்கின் வரி முதலிய சான்றுகளின் நகலை இணைக்க வேண்டும். மூலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது, "நான் நிறுத்தினேன்", "என் மகன் கடைக்குப் போனான்" என்ற சொற்கள் கடிதத்தில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுதல் முக்கியம். நம்மவர் மன்னிப்புக் கேட்கும் பணிவினால் எழுதும் இத்தகைய ஒரு வரியே, யார் ஓட்டினார் என்ற விடையை நிறுவனத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. அதன்பின் 14 நாள் கணக்கும் பயன்படாது; ஓட்டியவர்மீதே அது நேராகக் கோரிக்கை எழுப்பும். "ஓட்டுநர்" என்று பொதுவாக எழுதுவதே தக்கது.

நோட்டீசின் நாளிலிருந்து 28 நாட்களுக்குள் இம்முறையீட்டை அனுப்ப வேண்டும். நிறுவனம் அதனை மறுத்தால், சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்புக்குச் செல்லலாம். நிறுவனம் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோஸியேஷனைச் சேர்ந்ததாயின் "பாப்ளா" என்ற அமைப்பும், இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டியைச் சேர்ந்ததாயின் "இன்டிபென்டன்ட் அப்பீல்ஸ் சர்வீஸ்" என்ற அமைப்பும் விசாரிக்கும். பாப்ளாவில் வாகனம் வைத்திருப்பவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டும், நம்மைக் கட்டாது. எனினும் இரண்டாம் படிக்குச் செல்வோர் பொதுவாகத் தள்ளுபடியை இழப்பர் என்பதை எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும்.

இவ்விரு சங்கங்களும் சேர்ந்து 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரே நடைமுறை விதியை வெளியிட்டன. அது அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நேரம் முடிந்தபின் காரை எடுக்கப் பத்து நிமிட அவகாசம் தருதலும், வாகன எண்ணை இயந்திரத்தில் பதியும்போது ஓரெழுத்து மாறிய சிறு பிழைக்குப் பணம் கேளாமல் நோட்டீசை நீக்குதலும் அதில் அடங்கும். அரசே விதி வகுக்க வேண்டும் என 2019-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி 2022 பிப்ரவரியில் வெளியான அரசு விதி, நிறுவனங்கள் வழக்குத் தொடுத்ததையடுத்து அவ்வாண்டு ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் அரசு மீண்டும் மக்கள் கருத்தைக் கேட்டது.

பயன்படாத வாதங்கள்

நண்பர் சொல்லும் எல்லா வாதமும் நீதிமன்றத்தில் நில்லாது. "உண்மை இழப்பு இரண்டு பவுண்டே, எண்பது பவுண்டு கேட்பது அநியாயத் தண்டம்" என்ற வாதம் முன்னாளில் பெரிதும் பேசப்பட்டது. செம்ஸ்ஃபோர்டு நகரின் கடைவீதி நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேர இலவச அனுமதியைத் தாண்டி 56 நிமிடம் கார் நின்றமைக்கு 85 பவுண்டு கேட்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் என்ற அவ்வழக்கில், ஏழு நீதிபதிகளுள் அறுவர் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தனர். இடம் சுழற்சியாக எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது நியாயமான நோக்கம் என்றும், பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே, தொகை மிகுதி என்ற ஒன்றையே நம்பி எதிர்ப்பது வீண். ஆனால் அதே தீர்ப்பு, பலகை தெளிவற்றதாக இருந்தால் நிறுவனத்துக்கு எதிராகவும் பேசும். அவ்வழக்கில் வாதிடப்பட்டது ஓட்டியவரின் பொறுப்பே; பொறுப்பாளருக்கான காலக் கணக்கும் வாசகமும் அத்தீர்ப்பால் சிறிதும் தளரவில்லை.

அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா

மறுப்புக்குப் பின்னும் கடிதங்கள் வரலாம். கடன் வசூல் முகவர் என்ற பெயரில் சிவப்பு எழுத்தில் வருவன வெறும் கடிதங்களே. அவர்கள் வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ அதிகாரம் பெற்றவர் அல்லர். அவ்வதிகாரம் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், தீர்த்த தொகை செலுத்தப்படாதபோதே அமீனாவுக்குக் கிடைக்கும்.

ஆனால் இரண்டு கடிதங்களை ஒருபோதும் ஒதுக்கக் கூடாது. ஒன்று, வழக்குத் தொடுக்கப் போவதாக முன்னறிவிக்கும் கடிதம். அதற்கு மறுமொழி கூற 30 நாட்கள் உண்டு. மற்றொன்று, நீதிமன்றத்திலிருந்தே வரும் வழக்குப் படிவம். வழக்குப் பதிவான நாளுக்குப் பின் ஐந்தாம் நாளில் அது சேர்ந்ததாகக் கொள்ளப்படும். அன்றிலிருந்து 14 நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்தால், எதிருரை அளிக்க மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். வாளாவிருந்தால், வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று எவரும் பாராமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் செலுத்தாவிட்டால் அத்தீர்ப்பு ஆறாண்டுக் காலம் பதிவேட்டில் நிற்கும். வீடு வாங்கக் கடன் கேட்கும் மகனும், வாடகை வீடு தேடும் மகளும், நூறு பவுண்டுக்குரிய இந்தக் கறையால் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. எதிருரை அளித்தவர்க்கோ அச்சத்துக்கு இடம் குறைவு. சிறு வழக்குப் பிரிவில் தோற்றவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பெருஞ்செலவைச் சுமப்பது அரிது. 2024 மே முதல், விசாரணைக்கு முன் தொலைபேசி வழியே இலவசச் சமரசப் பேச்சும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இப்பெருந்துன்பத்துக்கு முதற்காரணம் பெரும்பாலும் பழைய முகவரியே. வீடு மாறியபின் டி.வி.எல்.ஏ. பதிவில் முகவரியை மாற்றாதவர்க்குக் கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டுக்கே சென்று சேரும். தீர்ப்பும் அங்கேயே செல்லும். மாற்றாதிருப்பதற்கு 1,000 பவுண்டு வரை அபராதமும் உண்டு. வீடு மாறும் நாளில் பாத்திரங்களைக் கட்டும்போதே இவ்வேலையையும் முடித்துவிடுவது நன்று.

குடும்பத்துக்கு ஒரு சொல்

கார் ஒருவர் பெயரில் இருந்து பலர் ஓட்டும் வீடுகளில் ஓர் ஒழுங்கு வேண்டும். யார் எந்நாளில் ஓட்டினார் என்பதை வீட்டார் அறிந்திருக்கட்டும். கண்ணாடியில் வைத்த தாளை இளையோர் அச்சத்தினால் கிழித்துப் போடாமல் பெற்றோரிடம் காட்டட்டும். பெற்றோரும் கண்டிப்பதற்கு முன் கேட்கட்டும். மறைத்த தாள் ஒன்றே, இரண்டு மாதம் கழித்து எதிர்பாராத நாளில் தாயார் பெயருக்குக் கடிதமாக வருகிறது. ஆங்கிலம் நன்கறியாத முதியோருக்கு வரும் உறைகளைப் பிள்ளைகள் வாரம் ஒருமுறையேனும் பிரித்துப் படித்துச் சொல்லட்டும்.

சட்டம் வலியவர் கையில் மட்டும் இருக்கும் கருவி அன்று. தம் பெயர் ஒரு பதிவேட்டில் இருப்பதனால் மட்டும், தாம் செய்யாத செயலுக்கு எளியவர் ஒருவர் பொறுப்பேற்க நேரும்போது, அவரைச் சில வேலிகளுக்குள் வைத்தே கேட்க வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. அவ்வேலிகள் எங்கே நிற்கின்றன என்று அறிந்தவர் அஞ்சிப் பணம் கட்டுவதும் இல்லை. அகந்தையால் கடிதத்தை எறிவதும் இல்லை. நாளை எண்ணுகிறார், வாசகத்தைப் படிக்கிறார், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறார், கொடுக்க வேண்டாததை உரிய காலத்தில், உண்மை வழுவாமல் மறுக்கிறார். நம் இல்லங்களுக்கு இத்தகைய கடிதம் வரும் நாளில், நாட்காட்டியும் பேனாவும் வாய்மையும் நம் கையில் இருக்கட்டும்.